பிடிவாதம் பிடிக்கும் பறப்புச் சில்லு

பதுளையிலிருந்து வாசகர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "தந்தையார் விட்டுச்சென்ற பழைய மினி கார் ஒன்று எங்களிடம் உண்டு. கிளச் தேய்ந்துவிட்டது, ஏற்றத்தில் எஞ்சின் இரைகின்றதேயன்றிக் கார் நகர்வதில்லை. விடுமுறையில் நானும் தம்பியும் வீட்டிலேயே கிளச்சை மாற்ற முற்பட்டோம். எல்லாம் கழன்றுவிட்டன, பறப்புச் சில்லு மட்டும் அசைய மறுக்கின்றது. அயல் வீட்டு மாமா பெரிய சுத்தியலுடன் வந்து நிற்கின்றார். அடிக்கலாமா?" என்பது அவருடைய வினா.

"அடிக்க வேண்டாம், சற்றுப் பொறுங்கள்" என்று அன்றே மறுமொழி அனுப்பிவிட்டோம். எனினும் ஏன் அடிக்கலாகாது, அடியாமற் கழற்றுவது எங்ஙனம் என்பவற்றை விளக்க ஒரு வரி போதாது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் வகுப்பறையிலே படிக்கும் உராய்வும் ஆப்பும் புரியாணியும் சடத்துவமும் இந்த ஒரு சில்லைச் சுற்றியே நிற்கின்றன. கார் இல்லாத இல்லத்தாருக்கும் இதிலே அறியத்தக்கது உண்டு. ஆதலின் இவ்வாரம் இதனையே எடுத்துக்கொண்டோம்.

பறப்புச் சில்லு என்பது யாது?

வீட்டிலுள்ள தையல் யந்திரத்தைப் பாருங்கள். அதன் வலப்புறத்தில் கனத்த சில்லொன்று இருக்கின்றது. கால் மிதியை ஒரு கணம் நிறுத்தினாலும் ஊசி உடனே நின்றுவிடுவதில்லை. சில தையல்கள் ஓடிய பின்னரே ஓய்கின்றது. சுழல்கின்ற பாரம் தன் சுழற்சியை எளிதில் விட்டுவிடாது. குயவனுடைய சக்கரமும் அவ்வாறே ஒரு முறை சுழற்றிவிட்டால் பானை வனைந்து முடியும்வரை சுழல்கின்றது. இவ்வியல்பையே சடத்துவம் என்கிறோம்.

மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு இவ்வியல்பு மிகவும் வேண்டப்படுவது. ஓர் உருளையினுள்ளே ஆடுதண்டு நான்கு முறை அசைந்தால், அவற்றுள் ஓர் அசைவிலேதான் வெடிப்பின் வலிமை கிடைக்கின்றது. ஏனைய மூன்றும் காற்றையும் பெற்றோலையும் உள்ளிழுப்பதிலும், அவற்றை நெருக்குவதிலும், புகையை வெளியேற்றுவதிலும் கழிகின்றன. நான்கு உருளைகள் முறைமாறி வெடித்தபோதிலும் கிராங்க் தண்டு விட்டுவிட்டே தள்ளப்படுகின்றது. அந்தத் தள்ளல்களை ஏற்றுச் சேமித்து, இடைவெளிகளில் திருப்பிக் கொடுத்து, ஓட்டத்தைச் சீராக்குவது தண்டின் நுனியில் மாட்டப்பட்ட பறப்புச் சில்லாகும். அதன் விளிம்பிலுள்ள பற்களைப் பிடித்தே ஸ்டாட்டர் மோட்டார் எஞ்சினை இயக்கத் தொடங்குகின்றது. அதன் முகத்தைப் பற்றியே கிளச் தட்டு எஞ்சினின் வலிமையைக் கியர்ப் பெட்டிக்குக் கொண்டு செல்கின்றது.

மினி காரின் தனி அமைப்பு

1956 இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி எழுந்தபோது இங்கிலாந்திலே பெற்றோல் தட்டுப்பாடு உண்டாயிற்று. குறைந்த எண்ணெயில் நான்கு பேரைச் சுமந்து செல்லும் சிறிய கார் வேண்டுமென்று அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரிடம் கேட்கப்பட்டது. அதற்கு முன்னர் 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரை வகுத்தவரும் அவரே. 1959 ஓகஸ்ட் 26 ஆந் திகதி மினி அறிமுகமாயிற்று. பத்தடி நீளத்தைச் சற்றே தாண்டும் அந்தக் காரில், எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர்ப் பெட்டியை எஞ்சினின் அடியிலே எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கிவிட்டார். 2000 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றபோது 53 இலட்சத்துக்கு மேற்பட்ட மினிகள் செய்யப்பட்டிருந்தன.

அவற்றுட் பல நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தன. 1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை கையிலிருந்த காரைப் பழுதுபார்த்து ஓட்டுவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. 1990 களில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் அரிதாகிவிட, பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடியதை அக்காலத்தில் அங்கிருந்தோர் மறவார். 2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 வரை அந்நிலை நீடித்தது. பழையதைப் பேணும் கலை நம் நாட்டிலே பொழுதுபோக்கு அன்று. பல குடும்பங்களுக்கு அது தேவையாகவே இருந்துவந்துள்ளது.

இனி மினியின் கிளச்சுக்கு வருவோம். பெரும்பாலான பழைய கார்களில் கியர்ப் பெட்டி எஞ்சினுக்குப் பின்னே இருக்கும். அதனைக் கழற்றினால் கிளச் கண்முன்னே தோன்றும். பறப்புச் சில்லின் வெளிமுகத்திலே கிளச் பூட்டப்பட்டிருப்பதால், சில்லைத் தொடாமலே தட்டை மாற்றிவிடலாம். மினியிலோ ஒழுங்கு தலைகீழானது. 1982 க்கு முற்பட்ட மினிகளில் கிளச் தட்டு பறப்புச் சில்லின் உட்புறத்திலே, சில்லுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒளிந்திருக்கின்றது. எஞ்சினை வெளியே தூக்காமல் காரின் வலப்புறமாகவே வேலையை முடிக்கலாம் என்பது இதன் நன்மை. ஆனால் பறப்புச் சில்லைக் கழற்றாமல் தட்டைக் கண்ணாலும் காணமுடியாது என்பது இதன் சங்கடம். சில்லு வரவில்லையேல் வேலையும் இல்லை.

கூம்பின் பிடி

மற்றைக் கார்களிலே பறப்புச் சில்லு தண்டின் தட்டையான முகத்தில் பல போல்ட்டுகளாற் பிணிக்கப்பட்டிருக்கும். போல்ட்டுகளைக் கழற்றினால் சில்லும் வரும். மினியின் கிராங்க் தண்டோ நுனி நோக்கி ஒடுங்கிச் செல்லும் கூம்பு வடிவினது. சில்லின் நடுத் துளையும் அதே அளவிற்குக் கூம்பாகக் கடையப்பட்டிருக்கின்றது. நடுவேயுள்ள ஒரே பெரிய போல்ட் சில்லைக் கூம்பின்மேல் அழுத்திப் பிடிக்கின்றது. அந்தப் போல்ட்டை 110 முதல் 115 அடி-இறாத்தல் முறுக்கத்துடன் இறுக்கவேண்டும் என்பது செய்தவர்களின் விதி. அவ்வாறு இறுக்கும்போது சில்லு பல ஆயிரம் இறாத்தல் விசையோடு கூம்பின்மேல் ஏற்றப்படுகின்றது.

பிடிவாதத்தின் மூலம் இங்கேதான் உள்ளது. போல்ட்டைக் கழற்றிய பின்னரும் சில்லு ஏன் விடுவதில்லை? இரசாயன ஆய்வுகூடத்திற் கண்ணாடி அடைப்பானுள்ள போத்தல்களை மாணவர்கள் கண்டிருப்பர். அடைப்பானும் கழுத்தும் கூம்பாகத் தேய்க்கப்பட்டவை. சற்று அழுத்தித் திருகிவைத்தால், மறுநாள் எவராலும் இழுத்தெடுக்க முடிவதில்லை. கோடரிக் காம்பிலே இறக்கிய ஆப்பும் இவ்வாறே. ஆப்பை உள்ளே செலுத்திய கையை எடுத்துவிட்டாலும் அது தானாக வெளியே வருவதில்லை; மரத்தின் நெருக்குதலே அதைப் பிடித்துக்கொள்கின்றது.

கணக்காகச் சொன்னால், கூம்பின் சரிவுக் கோணம் உராய்வுக் கோணத்திலும் சிறியதாயின் கூம்பு தன்னைத் தானே பற்றிக்கொள்ளும். இரும்புக்கும் இரும்புக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.15 என்று கொண்டால், உராய்வுக் கோணம் ஏறக்குறைய எட்டரைப் பாகை ஆகும். கூம்பின் பக்கம் அச்சோடு அதனினும் குறைந்த கோணத்தில் சரிந்திருந்தால், வெளித்தள்ளும் விசையைப் பிடித்துவைக்கும் விசை வென்றுவிடும். ஆண்டுக்கணக்கில் வெப்பமும் அதிர்வும் துருவும் சேர்ந்தால் உராய்வு மேலும் மிகுகின்றது. முப்பது ஆண்டுகள் கழற்றப்படாத சில்லு முதல் நாளிற் பிடித்ததைவிட இறுக்கமாகப் பிடித்திருப்பதில் வியப்பில்லை.

சுத்தியல் ஏன் ஆகாது?

பிடி எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிந்தால் அடி ஏன் பயன்படாது என்பதும் விளங்கும். சில்லு வரவேண்டிய திசை வெளிப்புறம். அடிப்பவர் நிற்பதும் வெளிப்புறம். அவர் ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் சில்லை மேலும் உள்ளேயே செலுத்துகின்றது. விளிம்பில் அடித்தாலோ சில்லு ஒரு பக்கம் சரிந்து கூம்பிலே சிக்கிக்கொள்ளும். விளிம்பின் பற்களும் உடையலாம்.

பின்னாலிருந்து நெம்புகோலிட்டு நெம்பலாம் என்பர் சிலர். நெம்புகோல் ஊன்றும் இடம் அலுமினியத்தால் வார்க்கப்பட்ட உறையாகும். அது இரும்பின் பலம் உடையதன்று. சில்லு அசையுமுன் உறை பிளந்துவிடும். தீச்சுவாலையாற் சூடாக்கலாம் என்பர் வேறு சிலர். வெப்பத்தால் இரும்பு விரியும் என்பது மெய்யே. மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டத்தைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி நீர் தெளிப்பதை நம் ஊர்க் கொல்லர்கள் காலங்காலமாகச் செய்து வந்தனர். பறப்புச் சில்லின் பல்வளையமும் சூடாக்கி மாட்டப்பட்டதே. ஆனால் பட்டறையின் உலைக்களம் வேறு, காரின் எஞ்சின் அறை வேறு. சில்லுக்குப் பின்னே றப்பராலான எண்ணெய்த் தடை இருக்கின்றது. அண்மையிலே பெற்றோல் குழாய் இருக்கின்றது. வீட்டு முற்றத்திலே இவற்றினருகில் தீயைக் கொண்டுசெல்வது காருக்காக வீட்டைப் பணயம் வைப்பதாகும்.

புரியாணியின் வலிமை

பின் எதுதான் வழி? நேரான திசையில், சீரான விசையை, பெருமளவிற் செலுத்தவேண்டும். அதற்கென உள்ளது இழுவைக் கருவி. கறாஜ்களில் அதனைப் 'புளர்' என்பர். தடித்த உருக்குத் தட்டொன்று. அதில் மூன்று நீண்ட போல்ட்டுகள். நடுவே ஒரு பெரிய புரியாணி. பறப்புச் சில்லின் முகத்திலே இதற்காகவே மூன்று புரித்துளைகள் இருக்கின்றன. மூன்று போல்ட்டுகளையும் அவற்றுட் செலுத்தி, நடுப்புரியாணி தண்டின் நுனியை அழுத்துமாறு திருகினால், தண்டை உள்ளே தள்ளிக்கொண்டே சில்லை வெளியே இழுக்கும்.

இதன் வலிமையை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓரடி நீளமுள்ள ஸ்பனரின் நுனியை ஒருவர் 50 இறாத்தல் விசையோடு இழுக்கின்றார் என்க. ஒரு முழுச் சுற்றிலே அவர் கை செல்லும் தூரம் ஏறக்குறைய 75 அங்குலம். நடுப்புரியாணியில் ஓர் அங்குலத்துக்கு 14 புரிகள் இருப்பின், அதே சுற்றில் அது முன்னேறும் தூரம் 1/14 அங்குலமே. ஆகவே விசை ஏறக்குறைய 1050 மடங்காகின்றது. உராய்வினால் அதிற் பத்தில் ஒன்பது பங்கு வீணாகின்றது என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சுவது 5000 இறாத்தலுக்கு மேல். அதாவது இரண்டு தொன்னைவிட அதிகம். ஓங்கிய சுத்தியலின் அடி கணப்பொழுதில் மறைந்துவிடும். இந்த விசையோ விடிய விடிய நிற்கும். ஒரு மனிதனின் கைக்கு இவ்வளவு வலிமை தருவது கல்லூரிப் பாடப்புத்தகத்திற் காணும் அதே புரியாணிதான்.

கழற்றும் ஒழுங்கு

இனி ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலிற் பற்றறியின் இணைப்பைக் கழற்றவேண்டும். காரை உயர்த்தினால் ஜக்கை மட்டும் நம்பாது உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தவேண்டும். ஸ்டாட்டர் மோட்டாரையும், அப்பக்கத்து எஞ்சின் பிடிப்பையும், இடையூறான ஏனையவற்றையும் கழற்றி, எஞ்சினின் கிளச் முனைக்கடியில் மரத்துண்டு வைத்து ஜக்கினால் மெல்ல உயர்த்தவேண்டும். மறு முனையில் விசிறி றேடியேற்றரில் இடியாதபடி பார்த்துக்கொள்க. கிளச்சின் எண்ணெய்ச் சிலிண்டரைக் கழற்றித் தொங்கவிட்ட பின் எவரும் கிளச் மிதியை மிதிக்கலாகாது. மிதித்தால் அதன் உள்ளுறுப்பு வெளியே தெறித்துவிடும்.

மூடியைத் திறந்ததும் பறப்புச் சில்லு தோன்றும். அதன்மேலுள்ள வில்லுறையின் மூன்று போல்ட்டுகளையும் ஒன்றை முழுதும் கழற்றி மற்றதற்குச் செல்லாமல், சிறிது சிறிதாக, முறைவைத்துத் தளர்த்துக. உறைக்கும் சில்லுக்கும் அழுத்தத் தட்டுக்கும் பொருத்தக் குறிகள் உண்டு. மீண்டும் பூட்டும்போது அவை ஒருங்கே அமையவேண்டும்.

இங்கேதான் பலர் கவனியாத நுட்பம் ஒன்று இருக்கின்றது. சில்லுக்குப் பின்னே தண்டிலே பொருந்தியுள்ள பற்சில்லைப் பிடித்துவைப்பது பிறை வடிவான ஒரு வாஷர் ஆகும். தண்டின் நுனியிலுள்ள வெட்டுப்பள்ளம் கிடையாக இருந்தால் அவ்வாஷர் தன் இடத்திலே அமைந்திருக்கும். பள்ளம் நிமிர்ந்து நின்றால் வாஷர் நழுவிச் சில்லின் பின்னே ஆப்புப்போலச் செருகிக்கொள்ளும். அதன் பின்னர் எத்துணை வலிய கருவியும் பயன்படாது. பலவந்தம் செய்தால் உறுப்புகள் சிதையும். ஆகவே முதலாம் நான்காம் ஆடுதண்டுகள் உச்சியில் நிற்குமாறு எஞ்சினைத் திருப்பி, பள்ளம் கிடையாக இருக்கின்றதா என்று கண்ணாற் கண்டு உறுதிசெய்தல் வேண்டும். கருவியை இறுக்கும்போது தண்டு சுழன்றுவிட்டதாயின் மீண்டும் பார்த்தல் வேண்டும். பதுளை அன்பர் முதலிற் சோதிக்கவேண்டியதும் இதுவே.

அடுத்து, நடுப் போல்ட்டின் பூட்டு வாஷரை நிமிர்த்தி, பல்வளையத்தில் ஒரு தடையிட்டுச் சில்லைச் சுழலாமல் நிறுத்தி, நீண்ட கைப்பிடியுள்ள சாவியால் போல்ட்டைத் தளர்த்தவேண்டும். தளர்த்துக என்றோமேயன்றிக் கழற்றுக என்றிலோம். சில புரிகள் மட்டும் தளர்த்தி, போல்ட்டை அதன் இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி விளக்கும்.

விடியற்காலை ஓசை

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்திலே தம் தாயாருடன் வாழ்கின்றார். தாயாரைத் திங்கட்கிழமைதோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல அவருக்கு வாய்த்தது ஒரு பழைய மினி. வெள்ளி மாலை கிளச் வேலையைத் தொடங்கியவர், சனி நண்பகலில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "சேர், எல்லாம் கழட்டிப்போட்டன். சில்லு மட்டும் அசையுதில்லை. திங்கள் அம்மாவைக் கொண்டுபோக வேணும்" என்றார். குரலிலே கலக்கம் தெரிந்தது. நம் அயலில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கின்றார். அவரையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

முதியவர் முதலிற் பார்த்தது சில்லையன்று, இழுவைக் கருவியை. அது எங்கோ மலிவாக வாங்கியது, தட்டு மெல்லியது. இறுக்கிய விசையில் அது சில்லை இழுப்பதற்கு மாறாகத் தானே வில்லாக வளைந்திருந்தது. "இது சில்லை இழுக்கேல்லைத் தம்பி, தான் வளையுது" என்று சொல்லித் தம் பையிலிருந்து விரற்கடை தடிப்புள்ள தட்டுடைய பழைய கருவியை எடுத்தார். மூன்று போல்ட்டுகளும் ஒரே அளவு உட்சென்று, தட்டு சில்லின் முகத்துக்குச் சமாந்தரமாக நிற்கின்றதா என்று அளந்து பார்த்தார். புரியாணிக்குச் சிறிது கிறீஸ் தடவினார். பின்னர் இறுக்கினார்; நிறுத்தினார்; புரியாணியின் தலையிலே சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்; மீண்டும் சற்று இறுக்கினார்.

சுத்தியல் ஆகாது என்று சொல்லிவிட்டு இங்கே தட்டலாமோ என்று வாசகர் வினவலாம். கருவி ஏற்கனவே சில்லை வெளியே இழுத்துப் பிடித்திருக்கும் வேளையிலே தட்டு விழுகின்றது. அந்த அதிர்வு தண்டினூடே சென்று கூம்பின் பிடியைக் கணப்பொழுது தளர்த்த, காத்திருக்கும் விசை தன் வேலையைச் செய்கின்றது. ஓங்கி அடிக்கும் வேலை அன்று இது.

நாலைந்து முறை இவ்வாறு செய்தும் சில்லு வரவில்லை. மாணவர் ஸ்பனருக்குக் குழாய் மாட்டி நீட்டி இழுக்க முற்பட்டார். முதியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவசரப்படாதை தம்பி. இரும்புக்கும் கொஞ்ச நேரம் குடுக்க வேணும். இப்பிடியே இறுக்கி விட்டிட்டுப் போய்ப் படு" என்றார். "திங்கட்கிழமைக்குள்ள முடியுமோ ஐயா?" என்று அவர் கேட்க, "புரியை உடைச்சியெண்டால் அடுத்த திங்களுக்கும் முடியாது" என்பதே மறுமொழியாயிற்று. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

ஞாயிறு விடியுமுன் கொட்டகைக்குள்ளே வெடிபோல ஓர் ஓசை கேட்டதாம். நாய்கள் குரைத்தன, தாயார் திடுக்கிட்டு எழுந்தாராம். சென்று பார்த்தபோது சில்லு கூம்பைவிட்டு வெளிவந்து, தளர்த்தி விடப்பட்டிருந்த நடுப் போல்ட்டின் தலையிலே தங்கி நின்றது. அந்தப் போல்ட்டைக் கழற்றி எடுத்திருந்தால் நிகழ்ந்திருக்கக் கூடியது யாது? இரு கைகளாலும் சுமக்கவேண்டிய அந்த இரும்பு, கருவியோடு கூடத் தெறித்து விழுந்திருக்கும். பகலிலே, அதன் முன்னே ஒருவர் குந்தியிருந்து ஸ்பனரை இழுத்துக்கொண்டிருக்கும் வேளையில் அது நிகழ்ந்திருந்தால் முழங்காலோ முகமோ சிதைந்திருக்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் அருகில் நிற்பதும் நம் வீடுகளில் வழக்கம். நாலைந்து புரிகளில் நிற்கும் ஒரு போல்ட் தடுப்பது எத்தகைய விபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரவில் எவரும் தொடாதபோது சில்லு எவ்வாறு வந்தது? இறுக்கிய தட்டும் போல்ட்டுகளும் நுண்ணிய அளவில் வளைந்தும் நீண்டும் வில்லைப்போலச் சக்தியைச் சேமித்து வைத்திருந்தன. பகல் வெப்பம் தணிய இரும்புகள் மெல்லச் சுருங்கின. கூம்பின் ஒரு சிறு பகுதி நழுவியதும் பிடி முழுவதும் ஒருங்கே விட்டுப்போயிற்று; சேமித்த சக்தி ஓசையாக வெளிப்பட்டது. பொறுமை என்பது இங்கே வெறும் நல்லொழுக்கம் அன்று; அதுவும் ஒரு கருவியே. அன்று மாலை புதிய தட்டுப் பூட்டப்பட்டது. மறுநாள் தாயார் வைத்தியசாலைக்குச் சென்று வந்தார்.

கழன்ற பின்னர்

சில்லு வந்துவிட்ட மகிழ்ச்சியிலே உள்ளிருக்கும் கரிய தூசியை வாயால் ஊதித் தள்ளுவோர் பலர். இது பெருந் தவறு. பழைய கிளச் தட்டுகளின் உராய்வுப் பூச்சிலே அஸ்பெஸ்ரஸ் கலந்திருப்பதுண்டு. அதன் நுண்ணிய இழைகள் சுவாசப்பைக்குள் சென்றால், பல ஆண்டுகளின் பின்னர் கொடிய நோய்களை விளைவிக்கும். தூசியை ஊதாமலும் காற்றடிக்காமலும் ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மூக்கையும் வாயையும் தகுந்த முகக்கவசத்தால் மூடிக்கொள்க. பிள்ளைகளை அப்பக்கம் விடற்க. அந்த உடைகளை வீட்டாரின் உடைகளோடு சேர்த்துத் துவைத்தலும் ஆகாது.

பின்னர் தட்டு எண்ணெயில் நனைந்திருக்கின்றதா என்று பார்க்க. நனைந்திருந்தால் சில்லின் பின்னேயுள்ள எண்ணெய்த் தடை கசிகின்றது என்பது பொருள். அதனை மாற்றாது தட்டை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் மறுபடியும் இதே பாடு படவேண்டும். புதிய தடையைப் பூட்டும்போது தண்டின் கூரிய பற்கள் அதன் உதட்டைக் கீறாதவாறு பற்களை மெல்லிய நாடாவாற் சுற்றிக்கொள்வது நலம்.

மீண்டும் பூட்டும்போது கூம்பையும் துளையையும் துப்புரவாகத் துடைத்து, ஈரமும் எண்ணெயும் அறவே இல்லாது வைத்தல் வேண்டும். அடுத்த முறை எளிதிற் கழலட்டும் என்று எண்ணிக் கிறீஸ் தடவுவோர் உளர். கூம்பு பிடிப்பது உராய்வினால். உராய்வைக் குறைத்தால் பிடியும் குறையும். ஓட்டத்திலே சில்லு தளர்ந்து தண்டை அரித்துவிட்டால் எஞ்சினையே பிரிக்க நேரும். கழற்றும்போது நம்மை வருத்திய அந்தப் பிடிவாதமே ஓடும்போது நம்மைக் காக்கின்றது. ஆகவே குறிப்பிட்ட முறுக்கத்துக்குப் போல்ட்டை இறுக்கி, பூட்டு வாஷரை மடித்துவிட வேண்டும். கைக்கணக்கை நம்பாது முறுக்கம் காட்டும் ஸ்பனரை இரவல் வாங்கியேனும் பயன்படுத்துக.

எங்கே நிறுத்துவது?

வீட்டு வேலையிலே தொடங்கத் தெரிவது போலவே நிறுத்தத் தெரிவதும் வேண்டும். தடித்த இழுவைக் கருவி கிடைக்கவில்லையாயின் தொடங்கவே வேண்டாம். சில்லின் புரித்துளைகள் உரியத் தொடங்கினால், கருவி ஒருபக்கம் சரிந்தால், ஓர் இரவு விசையில் விட்டும் அசையவில்லையாயின், கைதேர்ந்த மெக்கானிக்கை அழைப்பதே அறிவு. அவருக்குக் கொடுக்கும் கூலி பழுதான கிராங்க் தண்டின் விலையோடு ஒப்பிடச் சிறிதாகும். பழைய வண்டிகளின் உறுப்புகள் எளிதிற் கிடைப்பனவும் அல்ல.

கைவேலை கற்பதை இழிவாக எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. பரீட்சையிலே உராய்வுக் கோணத்தை எழுதிச் சித்தி பெறும் மாணவன் அதனைத் தன் கையினால் உணர்ந்ததில்லை. கறாஜிலே நாள்தோறும் அதனோடு மல்லாடும் இளைஞன் அதன் பெயரைக் கேட்டதில்லை. இருவரும் ஒரு பறப்புச் சில்லின் முன்னே சேர்ந்து குந்தியிருப்பார்களாயின் இருவருக்கும் நன்மையே. விடுமுறை நாள்களிலே பிள்ளைகள் இவ்வாறான வேலைகளில் ஈடுபட விரும்பினால், பாதுகாப்பைச் சொல்லிக்கொடுத்து, உடனிருந்து, பெற்றோர் இடங்கொடுத்தல் வேண்டும்.

இறுதியாகப் பதுளை அன்பருக்கு ஒன்று. சுத்தியலோடு வந்த மாமாவைச் சினந்து அனுப்பிவிட வேண்டாம். அவர் உதவ வந்தவர். தடித்த இழுவைக் கருவி எங்கே இரவல் கிடைக்கும் என்பதை அவரே அறிந்திருக்கவும் கூடும். கருவி கிடைத்ததும் பள்ளத்தைக் கிடையாக்கி, போல்ட்டைத் தளர்த்தி விட்டுவைத்து, சமமாக இறுக்கி, ஓர் இரவு பொறுங்கள். வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து, புரியிலே சிறிது எண்ணெய் பூசி, இரவல் தந்தவரிடம் உடனே சேர்ப்பியுங்கள். அடுத்த வீட்டுச் சில்லுக்கும் அது வேண்டியிருக்கும்.